ஒன்பதாம் நம்பர் ஷூ

“ஒம்பது புள்ளி அஞ்சு எட்டு செகண்டு. நீ டீ கிளாஸ எடுத்து வாயில வெக்கறதுக்குள்ள போல்ட் நூறு மீட்டர் ஓடி முடிச்சிடுவாரு பாய். அவரவிட பெரிய வீரன் உலகத்துல யாரு?”

செல்வகுமார் கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த செல்போனை ஹயாத் பாஷா பக்கம் தள்ளினார். திரையில் ஓட்டக்காரர்கள் போடும் சிவப்பு ஷூ இருந்தது.

பாஷா விரலால் ஒரு தள்ளு தள்ளினார். வெள்ளை டென்னிஸ் ஷூ வந்தது. “நாய் தொரத்துனா எல்லாரும்தான் ஓடுவான். பத்து செகண்டு ஓடறது ஒரு வேலையா? ஃபெடரர் அஞ்சு மணி நேரம் நின்னு ஆடுவாரு. தலமுடி கலையாது. அவருதான் பெரிய வீரன். வெள்ளையே ஆர்டர் போடு.”

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருவருக்கும் ஜோடி பார்க்கும் மேசையில் வேலை. இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் நிறமும் தையலும் ஒத்துப்போனால்தான் டப்பாவுக்குள் விடுவார்கள். நாளெல்லாம் ஜோடி சேர்க்கும் இந்த இரண்டு பேருக்கும் பேச்சில் மட்டும் ஒருநாளும் ஜோடி சேர்ந்ததில்லை.

அதிலும் வருஷத்துக்கு ஒருமுறை, இவர்கள் கலந்துகொள்ளும் வேலூர் விளையாட்டுப் போட்டி வரும்போது, சண்டை உச்சத்துக்குப் போய்விடும். இருவரும் ஒரே ஷூதான் போடுவார்கள். அது அவர்கள் வழக்கம். எந்த ஷூ என்று முடிவாவதற்குள் உலகத்து வீரர்கள் எல்லாரும் இந்த மேசைக்கு வந்து போவார்கள்.

இந்த வருஷம் செல்வகுமாருக்கு விளையாட்டாக இல்லை. போன வருஷம் உயரம் தாண்டுதலில் ஷூ வழுக்கி, மூன்று முறையும் கம்பி விழுந்தது. முப்பத்தைந்து வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாண்டினால் சென்னையில் மாநிலப் போட்டி. தாண்டாவிட்டால் இனிமேல் இல்லை என்று அவரே முடிவு செய்திருந்தார். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஆர்டர் போட்டால்தான் ஷூ சனிக்கிழமை வந்து சேரும்.

பக்கத்து மேசையிலிருந்தவர்கள் டெண்டுல்கர் என்றார்கள், மெஸ்ஸி என்றார்கள். சூப்பர்வைசர் சோபனா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவள், விஸ்வநாதன் ஆனந்தைச் சொன்னாள். அவருக்கு ஷூவே தேவையில்லை, உங்களுக்கும் சண்டை மிச்சம் என்றாள்.

“ஓடறவரையும் டென்னிஸ் ஆடறவரையும் எப்டி பாய் ஒண்ணா வெச்சுப் பாக்கறது? ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஜோடி போடுவீங்களா? வாங்கற பையர் திருப்பி அனுப்பிடுவான்” என்றாள் சோபனா.

எல்லாரும் சிரித்தார்கள். செல்வகுமாரும் சிரித்தார். சிரித்த வாயோடு பாஷாவைப் பார்த்தவருக்கு என்னவோ பழைய ஞாபகம் வந்துவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, நாலு மாதம் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அதிகம் பழக்கம்கூட இல்லாத ஹயாத் பாஷா, கக்கத்தில் ஒரு ஷூ டப்பாவோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “உனக்கும் ஒம்பதாம் நம்பராமே. எனக்கும் அதான். இது நான் ஒரு தடவகூட போடாதது. போட்டுக்கினு எழுந்து வா” என்றார். அதற்கப்புறம்தான் செல்வகுமார் வாசல்படி தாண்டினார். கம்பியைத் தாண்டியதெல்லாம் பிறகு.

“சரி பாய், வெள்ளையே போடு. உன் ஆளே பெரிய வீரன். நீ அன்னிக்கி வரலன்னா நான் இன்னும் சுவத்தப் பாத்துக்கினு படுத்துனு இருப்பேன். அத நான் ஒருநாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல.”

பாஷா போனை எடுத்தார். திரையைப் பின்னால் தள்ளி, சிவப்பு ஷூவை அழுத்தி, ஆர்டரும் போட்டுவிட்டார்.

“குண்டு எறியற எனக்கு எந்த ஷூவா இருந்தா இன்னா? வழுக்காத ஷூ உனக்குத்தான் வேணும். காலையிலேந்து மூஞ்சத் தூக்கி வெச்சுனு இருந்த. ரெண்டு வார்த்த பேசட்டுமேன்னுதான் ஃபெடரர இழுத்தேன்.”

மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர் மைதானத்துக்குச் சோபனாவும் வந்திருந்தாள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் டப்பாவைப் பிரித்தார்கள். பழக்கதோஷம், இடதையும் வலதையும் வெயிலில் காட்டி நிறம் பார்த்தார்கள், தையல் பார்த்தார்கள். ஜோடி சரியாக இருந்தது.

“வேற வேற தோலு ஜோடி சேராதுன்னு சொன்னீங்களே மேடம். இப்ப பாருங்க” என்றார் பாஷா.

இடது ஷூவைத் தன்னுடைய ஒரே காலில் மாட்டிக்கொண்டார். பிறகு ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் குனிந்து, வலது ஷூவைச் செல்வகுமாரின் ஒரே காலில் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.