பத்துக்கு நாலு இலை

“மொத்தத்தை மட்டும் கேட்டுட்டு...” என்று அம்மா ஏதோ சொல்வாள். மீதி அணிலுக்கு மறந்துவிட்டது.

காகம் மரத்தைச் சுற்றிப் பறந்துவந்து அறிவித்தது: “பத்து இலைக்கு நாலு பழுப்பு. மரம் போச்சு, அணிலக்கா. குட்டிகளைத் தூக்கிட்டுக் கிளம்பு!”

மேற்குக் கிளைக் கூட்டில் குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. எங்கே போவது? “ஏன் பழுத்துட்டே?” என்று அணில் பழுத்த இலையிடம் கேட்டது.

“கொப்பைக் கேளு” என்றது இலை. கொப்பு கிளையைக் கைகாட்டியது.

“எனக்குத் தண்ணி தர்றது மேற்கு வேர். கீழே போய்க் கேளு” என்றது கிளை.

அணில் இறங்கிக் கேட்டது. “என்னைக் கறையான் அரிச்சிடுச்சு” என்று வேர் முனகியது. “ஆனா என்னை நம்பியிருக்கிறது அந்த ஒரு கிளைதான். கிழக்கு வேர் கல்லு மாதிரி இருக்கான்.”

“அப்ப நான் எண்ணினது பொய்யா?” என்றது கூடவே இறங்கிவந்த காகம்.

“பொய்யில்லை. நாலும் ஒரே கிளையில இருக்கு” என்றது அணில்.

அணில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, அதே மரத்தின் கிழக்குக் கிளைக்குக் குடிபோனது.