மறதிக்கு உத்தரவாதம்

2001, ஓணத் தள்ளுபடியின் கடைசி நாள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கூட்டம் நெரிந்தது. கண்ணாடி மேசைமேல் இரண்டு கையடக்கக் கருவிகளை வைத்துக்கொண்டு குற்றாலலிங்கம் நகர மறுத்தார்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்கு மொத்த மளிகை வியாபாரம். எந்தச் சரக்கையும் குறை கேட்காமல் அவர் வாங்கியதில்லை.

“பேரு, போன் நம்பர், யாரை எப்போ பாக்கணும், எல்லாம் ரெண்டுலயும் எழுதி வெச்சுக்கலாம் அண்ணாச்சி,” என்றான் விற்பனையாளன் சுமந்த். “உள்ளே ஓடற சிஸ்டம்தான் வேற. இது பாம், உள்ளங்கைன்னு அர்த்தம். அது விண்டோஸ்.”

“நல்லது கெடக்கட்டும் தம்பி. குறையைச் சொல்லு.”

“பாம்ல கலர் இல்லை. பாட்டு இல்லை. நாம எழுதற மாதிரி எழுதினா அதுக்குப் புரியாது. அதுக்குப் புரியற மாதிரி நாம எழுதப் பழகணும்.”

“இன்கம்டாக்ஸ் ஆபீசர் மாதிரின்னு சொல்லு.”

சுமந்த் சிரித்தான். “ஆனா ரெண்டு சின்ன பேட்டரி போட்டா மாசக்கணக்குல ஓடும். விண்டோஸ் பளபளன்னு இருக்கும். கலர், பாட்டு, சீட்டாட்டம்கூட உண்டு.”

“எனக்கு எங்கே சீட்டாட நேரம்? குறை?”

“தினம் சார்ஜ் போடணும். ரெண்டு வாரம் அப்படியே போட்டுட்டா எழுதினது அத்தனையும் போயிடும். கம்பெனியிலேருந்து வந்த மாதிரி கிளீனா இருக்கும், கேட்டோ.”

குற்றாலலிங்கம் நிமிர்ந்தார். “திரும்ப எடுக்க முடியாதா?”

“கம்ப்யூட்டர்ல காப்பி வெச்சிருந்தா எடுக்கலாம்.”

“எங்கிட்ட கம்ப்யூட்டர் ஏது?”

“அப்போ பத்மநாபசாமியே எழுந்து வந்தாலும் நடக்காது. உங்களுக்குப் பாம்தான் சரி அண்ணாச்சி.”

“விண்டோஸையே கட்டு.”

இவரும் கலரில் மயங்கிவிட்டார் என்பதுபோல் சுமந்த் பார்த்தான். குற்றாலலிங்கம் அவனைத் திருத்தவில்லை.

மளிகைக்குப் பின்னால் அவருக்கு இன்னொரு வியாபாரம் இருந்தது. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய சந்தனக் கட்டை. முன்பு அதைக் கவனித்துவந்த மைத்துனர் இப்போது சிறையில் இருந்தார். கட்டை ஒன்றும் அவரிடம் பிடிபடவில்லை. வாங்குகிறவர்களின் பெயர் எழுதிய டைரிதான் பிடிபட்டது. அதை எரிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

காகிதம் தானாக எதையும் மறப்பதில்லை. மறக்கிற ஒன்றைத்தான் குற்றாலலிங்கம் தேடிக்கொண்டிருந்தார்.

பெயர்கள் கருவிக்குள் ஏறின. பூட்டுச்சொல் எதுவும் அவர் வைக்கவில்லை. பூட்டியிருந்தால் திறக்கச் சொல்வார்கள். திறந்து கிடக்கட்டும், காலியாகக் கிடக்கட்டும். தினமும் கடையில் சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் அதற்குச் சார்ஜ் போட்டார்.

ஐப்பசியில், துலாம் மழையின்போது, கட்டை ஏற்றிவந்த ஒரு லாரி சோதனைச் சாவடியில் சிக்கியது. டிரைவர் அவர் பெயரைச் சொல்லிவிட்டான். மறுநாள் போலீஸ் கடைக்குள் நுழைந்தது. மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். கட்டை இல்லை. மேசையில் கிடந்த கருவியை மட்டும், அதன் ஒயர் உட்பட, எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“விலை கூடின சாமான் சார்,” என்றார் குற்றாலலிங்கம். “தெரியாதவங்க கை பட்டா கெட்டுப்போகும். பாக்கிறதுன்னா தெரிஞ்சவங்க வந்து பாக்கட்டும்.”

எஸ்.ஐ.க்கு அது நியாயமாகப் பட்டது. “சரிதன்னே. எக்ஸ்பர்ட் வரட்டே. அதுவரை ஒருத்தனும் தொடண்டா.”

ஏட்டு பகவதிப்பெருமாள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேறு ஆதாரம் இல்லாததால் குற்றாலலிங்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வரவேண்டிய நிபுணர் முதல் வாரம் வரவில்லை. இரண்டாவது வாரம் வேறு ஊருக்குப் போயிருந்தார். மூன்றாவது வாரம் வக்கீல் முன்ஜாமீன் பற்றிப் பேச்செடுத்தபோது, குற்றாலலிங்கம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் கடந்தபின் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. அன்று புது வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

நிபுணர் ஜானவி ஜீப்பில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். குற்றாலலிங்கம் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். வெறும் திரையைப் பார்த்து எஸ்.ஐ. முகம் போகும் போக்கை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மன்னிப்புக் கேட்பார். கேட்டால் பெருந்தன்மையாக இருக்கவேண்டும்.

ஏட்டு சாயா கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். எஸ்.ஐ. அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும். எஸ்.ஐ. காதுல போட்டுறக்கூடாது.”

“கேளுங்க ஏட்டய்யா,” என்றார் குற்றாலலிங்கம் பெருந்தன்மையோடு.

“உங்க மிஷின்ல ஒரு சீட்டாட்டம் இருக்குல்லா, அதுல ஏஸ் அடியில போயி மாட்டிக்கிட்டா எப்படி எடுக்கது? நானும் அன்னையிலேருந்து தெனமும் சார்ஜ் போட்டு ஆடிப் பாக்கேன், ஒரு ஆட்டங்கூட செயிக்க முடியலையே?”