சர்வர் வந்தாச்சு

பம்புசெட் கம்பெனி மேனுவல்களை இனி டெஸ்க்டாப்பில் தயாரிக்க வேண்டாம், எல்லாம் சர்வருக்கு மாறுகிறது என்று மேனேஜர் சொன்னதிலிருந்து மைக்கேல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

“அண்ணே, சர்வர் வந்தாச்சு!” என்றார் வாட்ச்மேன். பின்னாலேயே ஓர் இளைஞன் வந்து நின்றான்.

மைக்கேல்ராஜ் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அம்புட்டு மேனுவலும் இதுலதான் செஞ்சேன். இதைத் தூக்கிட்டுப் போயிராதீங்க!”

“சரிண்ணே.”

“இது இல்லாட்டி எனக்கு இங்க என்ன வேலை?”

“அதானேண்ணே.”

“அப்ப சத்தியம் பண்ணுங்க!”

இளைஞன் மானிட்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

“கம்ப்யூட்டரைத் தொட மாட்டேண்ணே. நான் கீழ ஓட்டல்ல சர்வர். காலையில ஆபீசுக்குப் பொங்கல் வாங்குன தூக்குவாளிய மட்டும் குடுங்க, மொதலாளி வைவாரு!”