வெற்றிலையளவு தோல்

டாக்டர் அம்சவல்லி மேசையிலிருந்த பென்சில் ரப்பரை எடுத்தார். வேல்விழியின் இடது முன்கையில் வைத்து, அழுத்தி, ஒரு திருகு திருகினார்.

முப்பிடாதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

எட்டு வயது மகளின் மேல் யாரும் எதையும் தேய்த்து அவன் பார்த்ததில்லை. சட்டைத் தையல் உரசினாலே அவளுக்குக் கொப்புளம் வரும். உடைந்து புண்ணாகும். ஆறுவதற்கு ஒரு மாதம். ஆறிய இடம் மறுபடி பிய்ந்துகொள்ள ஒரு நொடி.

“பத்து நிமிஷம் பாக்கலாம். உக்காருங்க.”

ரப்பர் பட்ட இடம் சிவந்திருந்தது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்ததே முப்பிடாதிதான். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில், பெயின்ட் அடித்து வரும் வண்டிகளைச் சோதிக்கும் வேலை அவனுக்கு. உறை போட்ட விரலால் தடவியே கடுகளவு மேட்டைச் சொல்லிவிடுவான்.

மகளைத் தொட மட்டும் பயம். கட்டு மாற்றுவதெல்லாம் மனைவி மாரிசெல்விதான்.

போன ஞாயிறு மாரிசெல்விக்குக் காய்ச்சல். ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு, முதல்முறையாக அவன் மகளின் கட்டைப் பிரித்தான். முழங்கைக்குக் கீழே, உட்புறமாக, ஒரு வெற்றிலையளவு இடத்தில் தழும்பே இல்லை. அங்கே மட்டும் அவள் தோல் மற்ற பிள்ளைகளின் தோல் போல இருந்தது.

காய்ச்சல் விட்டதும் மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டார்கள்.

மேல்தோலைக் கீழ்த்தோலோடு பிடித்து வைக்கும் நூல் போன்ற ஒன்று இவளுக்கு உருவாகவில்லை. அதை உருவாக்கும் மரபணுவில் பிழை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டவர்கள். இதுவரைக்கும் முப்பிடாதிக்கு ஏற்கெனவே தெரியும்.

டாக்டர் இப்போது சொன்னதுதான் புதிது.

“ரொம்ப அபூர்வமா, உடம்புல ஏதோ ஒரு செல்லுல அந்தத் தப்பு தானா சரியாயிடும். அந்த ஒண்ணு பெருகிப் பெருகி இப்படி ஒரு திட்டாகும். படிச்சிருக்கேன். பாத்ததில்ல.”

“யாரு சரி பண்ணது?” என்றாள் வேல்விழி.

“யாருமில்லடா. அதுவா.”

முப்பிடாதி யோசித்தான். பதினோரு வருடத்தில் எத்தனையோ வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். தானாகச் சரியான வண்டி ஒன்றுகூட இல்லை.

பத்து நிமிடம் ஆயிற்று. சிவப்பு மங்கிப் போயிருந்தது. டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

கொப்புளம் இல்லை.

“இந்தத் தோல்ல கொஞ்சம் எடுத்து வளத்து, மத்த புண்ணு மேல வைக்க முடியுமான்னு வெளிநாட்டுல முயற்சி பண்றாங்க. இவளுக்கு ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது. சென்னைக்கு எழுதித் தரேன்.” பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். “எத்தனை நாளா இப்படி இருக்கு? இதுக்கு முன்னாடி அழுத்தமா ஏதாவது பட்டிருக்கா?”

“போன வாரந்தான் பாத்தேன் டாக்டர். அதுக்கு முன்ன தெரியாது.”

“ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே இருக்கு,” என்றாள் வேல்விழி. “அம்மா அங்கதான் கிள்ளும்.”

டாக்டரின் பேனா நின்றது.

முப்பிடாதி மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான்ப்பா கேட்டேன்,” என்றாள் மகள் அவசரமாக. “எங்க கிளாஸ்ல எல்லாரையும் அவங்கம்மா கிள்ளுறாங்க. என்னை மட்டும்தான் கிள்ளவே இல்லன்னு அழுதேன்.”

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா ரொம்ப நாள் எடம் தேடிச்சு.”