கறுப்புக் கிரீடம்

"இந்தத் தபா ஒருத்தனையும் உட மாட்டேன். கெழவின்னும் பாக்க மாட்டேன், கொழந்தைன்னும் பாக்க மாட்டேன்."

வைரவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு, காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்ற சாய்மா திடுக்கிட்டுப் போனாள். மூன்றாம் மாடி அன்வரி பேகத்தின் மருமகள். எட்டு மாத வயிறு.

"பயப்படாத சாய்மா. டிவியில கேம் ஆடுறாரு. எங்கப்பா வில்லன் ஆவப் போறாராம்" என்றான் மகன் செம்பியன்.

வைரவனுக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் அவர்கள் பிளாக்கின் தண்ணி மோட்டாரும் மொட்டை மாடிச் சாவியும் அவர் பொறுப்பு. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு கிடந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று மகன் பழக்கிவிட்ட விளையாட்டு அது. ராஜா, மந்திரவாதி, டிராகன் எல்லாம் உண்டு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அது தேவையும் இல்லை. நல்லது செய்தால் திரையில் பச்சை இலை விழும். கெட்டது செய்தால் மண்டையோடு.

முதல் முறை நல்லவனாகவே ஆடினார். டிராகனைக் கொன்று ராஜ்ஜியத்தையே மீட்டுக் கொடுத்தார். கடைசியில் ராஜா ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டான்.

"இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்ததுக்குக் கம்பெனிக்காரனும் இத்தத்தான் குடுத்தான்" என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார்.

வில்லனாக ஆடினால் கறுப்புக் கிரீடமும் மொத்த ராஜ்ஜியமும் கிடைக்குமாம். ஒரே ஒரு நிபந்தனை. முதலிலிருந்து கடைசிவரை ஒரு இலைகூட விழக் கூடாது.

"உன்னால ஆவாதுப்பா, நீ நல்லவன்" என்றான் செம்பியன். வைரவனுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

ஆனால் அவன் சொன்னதுதான் நடந்தது. முதல் தெருவில் கண் தெரியாத பிச்சைக்காரனின் திருவோட்டைப் பிடுங்கவேண்டிய இடத்தில், கை தானாகவே ஒரு காசைப் போட்டது. இலை விழுந்தது. மறுபடி முதலிலிருந்து. அடுத்த முறை கொல்லனின் சுத்தியலைத் திருடினார். மெக்கானிக்குக்கு ஸ்பேனர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்து, திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார். இலை.

இன்று மூன்றாவது முயற்சி. மண்டையோடாகச் சேர்த்துக்கொண்டு கடைசிக் கிராமத்துக்கே வந்துவிட்டார்.

"மேல எங்க வூட்டுக்குத் தண்ணி இன்னும் வரல மாமா" என்றாள் சாய்மா. "ரம்ஜான்ல இருந்து இப்படியே கீது. பைப்ல அடைப்பு இல்லியாம், டேங்கைப் பாக்கணுமாம், பிளம்பர் சொல்றாரு. மாடிச் சாவி கெடைச்சுதா?"

"தேடிக்கினு கீறேம்மா. முட்டி நல்லா இருந்தா பூட்ட ஒடச்சாவது நானே ஏறிப் பாத்துடுவேன். நீ வெளி பைப்புல புடிச்சிக்கோ."

அவள் குடத்தைப் பைப்படியில் வைத்துவிட்டு, நிறையும்வரை வாசற்படியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தாள்.

திரையில் ஊர்க் கிணறு. குடத்தோடு ஒரு பெண். வைரவனின் கையில் விஷக் குப்பி.

"ஊத்துப்பா. கிரீடம் உனக்குத்தான்" என்றான் செம்பியன்.

வைரவன் கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்தார். அழுத்தவில்லை. கையிலிருந்த கேம் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தார்.

"போடா. கிரீடமும் வாணாம், மயிரும் வாணாம். எவ்ளோ பெரிய எதிரியா இருந்தாலும் குடிக்கிற தண்ணியில கை வெப்பானாடா மனுசன்?"

பச்சை இலை விழுந்தது. செம்பியன் விழுந்து விழுந்து சிரித்தான். வைரவனுக்கோ தோற்ற வருத்தம் துளிகூட இல்லை. நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

சாய்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு இவ்ளோ எளகின மனசு மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரம்ஜான் அன்னிக்கு பிளாக் பூரா பிரியாணி குடுத்து உட்டோம். அத்தை மொதல்ல உங்களுக்குத்தான் தூக்குல போட்டு வெச்சாங்க. நீங்க பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டுக்கினு இருந்தீங்க. தப்பாப் பூடும்னு நான்தான் வேணான்னு தடுத்துட்டேன். அத்தைக்கு இன்னும் ஆறல. பக்ரீத்துக்கு மொத தூக்கு உங்களுக்குத்தான்."

வைரவன் டிவியை அணைத்தார்.

"திங்க மாட்டேன்தான், வாஸ்தவம். ஆனா எடுத்தாந்து நீட்டியிருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பேன்ல" என்றார்.

பிறகு மகனைக் கூப்பிட்டு, பிள்ளைத்தாச்சி குடம் தூக்கக் கூடாது, நீ கொண்டுபோய் மேலே வைத்துவிட்டு வா என்றார். சாய்மா நெகிழ்ந்துபோய்ப் படியேறினாள். குடத்தோடு போன செம்பியன், அவள் வீட்டில் கொடுத்த டீயைக் குடிக்க உட்கார்ந்துவிட்டான்.

வீடு காலியானதும் வைரவன் எழுந்தார். முருகர் படத்துக்குப் பின்னால் கையை விட்டு மொட்டை மாடிச் சாவியை எடுத்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் ஏறி, மொட்டை மாடித் தண்ணித் தொட்டியருகே போய் நின்றார். ரம்ஜான் அன்றும் இதே முட்டியோடு ஏறி வந்துதான், தொட்டியிலிருந்து அன்வரி பேகம் வீட்டுக்குத் தண்ணி போகும் வால்வை இறுக்கி மூடியிருந்தார்.

இப்போது அதை அரைச் சுற்று திறந்தார். மீதி அரைச் சுற்று, பக்ரீத் தூக்கு வந்த பிறகு.