கட்டிலில் ஒரு படகு

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க மேடம். படகு இருக்கற ரூமுங்க" என்றார் சின்னுசாமி.

வருவாய் ஆய்வாளர் அமுதவல்லி, வாசலில் கவிழ்த்திருந்த பழைய மூங்கில் பரிசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

பள்ளிபாளையம் ஆற்றோரத் தெருவுக்கு, வெள்ள காலத்துக்கென்று அரசாங்கம் கொடுத்த ரப்பர் படகு, சின்னுசாமியின் பொறுப்பில் உள்ளே இருந்தது. பராமரிப்பு சரியில்லை என்றால் அடுத்த தெரு காளிதாஸிடம் போய்விடும். அவர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். அப்படிப் போய்விட்டால் சின்னுசாமியால் தெருவில் தலைகாட்ட முடியாது.

உள்ளே கட்டில்மேல், கொசுவலைக்குள், படகு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"நீங்க எங்க படுக்கறீங்க?"

"கீழதானுங்க" என்றாள் அவர் மனைவி வசந்தாமணி. "தரையில வெச்சா ஈரம் ஏறிருமுங்க."

"மடிச்சு வைக்கலையா?"

"மடிப்புல வெடிச்சிருமுங்க. அதான் சுருட்டறது. வெயிலும் ஆகாது, நெழல்லதான் காய வெப்போம்."

அமுதவல்லி விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியது.

"பவுடருங்க" என்றார் சின்னுசாமி. "ஒண்ணோடொண்ணு ஒட்டாம இருக்கும். பேத்திக்கு வாங்குனது."

"எலித் தொல்லை?"

"அரிசி மூட்டையெல்லாம் மச்சினன் ஊட்டுக்கு அனுப்பிட்டமுங்க. இங்க எலிக்கு வேலையே இல்ல."

படகை வெளியே கொண்டுவந்து காற்றடித்துக் காட்டினார்கள். கல்லு மாதிரி நின்றது. ஒரு கீறல் இல்லை. சின்னுசாமி மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மத்த ஊர்ல எல்லாம் பஞ்சர் ஒட்டி ஒட்டி வெச்சிருக்காங்க. இது புதுசாட்டமே இருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அமுதவல்லி.

சின்னுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. காளிதாஸ் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"போன ஆடியில மேட்டூர் தண்ணி வந்து இந்தத் தெருவே முழுகிச்சு. ஆனா ஒரு உயிருக்கும் சேதமில்ல. எல்லாம் இந்தப் படகு செஞ்ச வேலை, இல்லைங்களா?" என்று கேட்டார் அமுதவல்லி.

வசந்தாமணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அந்தச் சேத்துத் தண்ணியில இதைய எப்பிடிங்க எறக்கறது? மொத நடையே இதையத்தான் பரிசல்ல ஏத்தி மேட்டுல கொண்டுபோய் வெச்சோம். அப்பறந்தானுங்க சனத்தை ஏத்துனது."