அறுபதுக்கு மேல்

மீஞ்சூரைத் தாண்டியும் கார் வேகமெடுக்கவில்லை. பின் இருக்கையில் ஜெய்னம்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கணவர் கிஃபாயத்துல்லாவின் தோளில் சரிந்திருந்தாள். ஆஸ்பத்திரி இன்னும் தூரம்.

“மிதிப்பா கலியா. மத்த நாள்ல பறப்பியே.”

“மிதிச்சிக்கினுதான் இருக்கேன் பாய். அறுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது.”

கிஃபாயத்துல்லாவின் பார்வை ஸ்டீயரிங் பக்கம் போனது. நேற்று, டிரைவர் கலியன் காலை நாஷ்டாவுக்குப் போன நேரத்தில், மெக்கானிக் யாசரை அவர்தான் வீட்டுக்கு வரவழைத்தார். கலியனின் வேகம் அவருக்குப் பயம். யாசர் செல்போன் அளவிலான கருவி ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, டர்போ இன்ஜின் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி செய்துவைத்தான்.

கலியன் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்டினான்.

“கண்டபடி ஓட்டி டர்போவ நான்தான் கெடுத்துட்டேன் பாய். அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னச் சும்மா உடாதீங்க.”